சாயவேரும் சீலைச் சித்திரமும்

ஒரு நாட்டின் ஓவிய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரண்மனைச் சுவரையும் கோயில் விதானத்தையும் நாடியே செல்வர். கல்லும் சுதையும் காலத்தை ஓரளவு எதிர்த்து நிற்பன. அவற்றின்மீது எழுதப்பட்டவை அரசர் பெயரோடும் ஆண்டோடும் சேர்த்து எண்ணப்படுவன. சித்தன்னவாசலும் தஞ்சைப் பெரியகோயிலும் சிகிரியாவும் இவ்வாறே கலை வரலாற்றில் இடம் பெற்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் பழைய கோயில்கள் பல போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டன. அவற்றின் சுவர்களில் ஏதேனும் எழுதப்பட்டிருந்ததாயினும் அது சுவரோடு அழிந்தது. ஆதலின், சுவரோவியத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோர்க்கு இக்குடாநாட்டுக்கு ஓவிய வரலாறே இல்லையென்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பு.

அவ்வெண்ணம் பொருந்துவதன்று. ஓவியம் சுவரில் மட்டும் வாழ்வதில்லை. பண்டைத் தமிழர் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்றழைத்தனர். காண்போர் கண்ணினுள் தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் பொருள். அத்தொழிலுக்குச் சுவரும் பலகையும் போலவே பருத்திச் சீலையும் களமாயிற்று. பாக்கு நீரிணையின் இருமருங்கிலும் வாழ்ந்த தமிழர், சீலையிற் சித்திரம் எழுதுங் கலையைப் பல நூற்றாண்டுகள் பேணினர். அக்கலைக்கு உயிராய் நின்ற செந்நிறத்தைத் தந்தது ஒரு சிறு பூண்டின் வேர். அவ்வேர் செழித்த நிலங்களுள் யாழ்ப்பாணமும் அதன் தீவுகளும் மன்னாரும் குறிப்பிடத்தக்கன. எனவே, இந்நாட்டின் எளிய சித்திரக்காரனுடைய வரலாற்றைத் தேடுவோர் சுவரைவிட்டு மண்ணை நோக்குதல் வேண்டும். அவ்வரலாறு ஒரு வேரிலிருந்து தொடங்குகிறது.

சாயவேர் என்பது கடற்கரை மணலில் தானாக முளைக்கும் பூண்டு. இம்பூறல் என்பது அதன் மற்றொரு பெயர். செடி மிகச் சிறியது; தரையோடு ஒட்டி வளர்வது; வெண்ணிறச் சிறு பூக்களை உடையது. அதன் பெருமையெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. மெல்லிய நீண்ட வேரின் பட்டையில் அலிசரின் என்னும் நிறப்பொருள் தங்கியிருக்கிறது. இப்பொருள் படிகாரத்தோடும் சுண்ணத்தோடும் கூடும்போது, வெயிலுக்கும் வெளுப்புக்கும் மங்காத செந்நிறமாகிறது. சுண்ணச் சத்துள்ள மணலில், சிப்பியும் சங்கும் நொறுங்கிக் கலந்த நிலத்தில், தானே வளர்ந்த வேரே சிறந்தது என்பது சாயக்காரர் கண்ட அனுபவம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கற்பாறையின்மீது அமைந்த நிலம். அதன் கிணற்று நீரிலும் சுண்ணம் கரைந்திருக்கிறது. வேளாண்மைக்குக் கடினமான அம்மண்ணும் நீரும் சாயத்தொழிலுக்கு வரமாய் அமைந்தன. வேதியியல் இக்காரணத்தை விளக்குவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, எந்தக் கரையின் வேர் எத்தகைய சிவப்பைத் தரும் என்பதைச் சாயக்காரன் கையாலும் கண்ணாலும் அறிந்திருந்தான்.

சீலையிற் சித்திரம் எழுதும் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் இங்குத் தகும். அதன் அருமை செய்முறையை அறிந்தாலன்றிப் புலப்படாது. முதலில் பருத்திச் சீலையைச் சாணம் கலந்த நீரில் ஊறவைத்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி வெளுப்பர். பின்னர் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புச் சத்து நிறத்தைப் பற்றிக்கொள்ளத் துணியை ஆயத்தம் செய்யும். பாலின் கொழுப்பு, எழுதும் நீர்மம் இழையில் பரவாமல் தடுக்கும். புளியங் கரிக்கோலால் உருவை வரைந்தபின், மூங்கில் துண்டைச் சீவிச் செய்த கலத்தை எடுப்பர். கலத்தின் நடுவே துணியோ மயிரோ சுற்றிய ஓர் உருண்டை இருக்கும். அது சாயநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்தும் அளவுக்கு நீர் நுனிக்கு இறங்கும். கோட்டின் தடிப்பும் மென்மையும் அவ்விரலின் அழுத்தத்தில் அடங்கும்.

கருங்கோடுகளுக்கு வெல்ல நீரிலோ கள்ளிலோ பழைய இரும்பைப் பலநாள் ஊறவைத்துப் புளிக்கச்செய்த நீர் பயன்பட்டது. கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கறுக்கும். செந்நிறம் வேண்டிய இடங்களிலோ எழுதப்படுவது சிவப்பன்று, படிகார நீர்; அதற்குச் சொந்த நிறம் இல்லை. இடம் தெரியும்பொருட்டு அதிற் சிறிது வேற்றுநிறம் கலப்பதுண்டு. இவ்வாறு எழுதிய சீலையை ஓடும் நீரில் அலசி, சாயவேர் இட்ட கொப்பரையில் காய்ச்சும்போது, படிகாரம் பட்ட இடங்கள் மட்டும் சிவந்து எழும். எஞ்சிய இடங்களில் ஒட்டிய கறையைச் சாணத்தாலும் வெயிலாலும் மீண்டும் வெளுப்பர். நீலம் வேண்டின், நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் தோய்த்து, பின் வெந்நீரில் மெழுகைக் கரைப்பர். மஞ்சள் இறுதியில் தீட்டப்படும். நீலத்தின்மேல் அது பட்ட இடம் பச்சையாகும்.

சுவரோவியன் தான் தீட்டும் நிறத்தைத் தீட்டும்போதே காண்கிறான். பிழை நேரின் மேற்பூச்சால் மறைக்கவும் அவனால் இயலும். சீலைச் சித்திரக்காரனுக்கு அவ்வாய்ப்பில்லை. அவன் இன்னும் தோன்றாத ஒரு சிவப்பை மனத்திற்கொண்டு நிறமற்ற நீரால் எழுதுகிறான். வேர் நல்லதாயின் உருவம் பொலியும். வேர் தீயதாயின் பலநாள் உழைப்பு ஒரு கொப்பரையில் அழியும். ஆகவே, சித்திரக்காரனுடைய புகழும் பிழைப்பும் தொலைவில் மணலைக் கிண்டி வேரெடுத்த ஒருவனுடைய கையிலும் தங்கியிருந்தன. வேர் தோண்டுவோன், சாயக்காரன், நெசவாளன், சித்திரக்காரன் ஆகிய நால்வரும் சேர்ந்தே ஒரு சீலையைப் படைத்தனர்.

இக்கலை நீரிணையின் ஒரு கரைக்கு மட்டும் உரியதன்று. சோழநாட்டில் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கோயிற் தேர்களுக்கும் மண்டபங்களுக்கும் உரிய தொங்கல்களும் விதானச் சீலைகளும் எழுதப்பட்டன. கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தினர் அணியும் சேலைகள் ஆக்கப்பட்டன. வடக்கே திருக்காளத்தியில் இராமாயண, பாரதக் கதைகள் பல கட்டங்களாகச் சீலையில் விரிந்தன. யாழ்ப்பாணத்தில் நெசவாளரும் சாயக்காரரும் தனித்தனித் தொழிற் சமூகங்களாக வாழ்ந்தமை ஒல்லாந்தர் காலப் பதிவுகளால் தெளிவாகும். இரு கரைக்கும் இடையே தோணிகள் நெல்லையும் துணியையும் பனம்பொருளையும் ஏற்றி இடையறாது சென்றுவந்தன. அத்தோணிகளில் சாயவேரும் சென்றது. சோழமண்டலக் கரையின் சாயக்காரர் இலங்கை வேரை விரும்பி வாங்கினர். தமிழகத்துக் கோயில் ஒன்றில் தொங்கிய சித்திரச் சீலையின் சிவப்பு, மன்னார் மணலிலோ காரைதீவு மணலிலோ பிறந்ததாக இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

சீலைச் சித்திரத்தின் புகழ் தமிழ்நிலத்தோடு நின்றுவிடவில்லை. கிழக்கே இந்தோனேசியத் தீவுகளில் வாசனைத் திரவியங்களுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட பொருள்களுள் சித்திரத் துணி முதன்மையானது. அங்கு அது குலச்செல்வமாகவும் சடங்குப் பொருளாகவும் போற்றப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அதனைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். தோய்த்தாலும் மங்காத நிறம் அவர்களுக்கு அதுவரை கிட்டாத வியப்பாயிற்று. அத்துணியின் பெருக்கத்தால் தம் நெசவுத்தொழில் நலிகிறதெனப் பிரான்சு 1686இல் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் அத்தகைய சட்டங்களை இயற்றியது. வல்லரசுகள் சட்டம் இயற்றித் தடுக்குமளவுக்கு ஆற்றல் படைத்திருந்தது மூங்கிற் கலம் பிடித்த ஒரு கையின் தொழில் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வகைத் துணிக்கு வழங்கிய 'சீத்தை' என்னும் சொல் யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'சீத்தைத்துணி' எனப் பின்னும் நெடுங்காலம் வழங்கிற்று. கலை மறைந்தபின்னும் அதன் பெயர் மக்கள் நாவில் தங்கியது எனலாம்.

ஐரோப்பியர் இக்கலையின் இரகசியத்தை அறிய விரும்பியதில் வியப்பில்லை. கூர்தூ என்னும் பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதம் ஒன்று சீலையிற் சித்திரம் எழுதும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. சமற்கிருதத்துக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்குமுள்ள உறவைச் சுட்டியவருள் ஒருவராக மொழிநூலார் அறிந்த அவரே இவர். தம்மால் மதம் மாற்றப்பட்ட சித்திரக்காரரிடமிருந்து அவர் இச்செய்திகளைக் கேட்டறிந்தார். கடிதம் அச்சேறியது, அதன் செய்தி ஐரோப்பியத் தொழிற்கூடங்களுக்குப் பயன்பட்டது. எழுதியவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பெற்ற அறிவைச் சொல்லிக்கொடுத்த சித்திரக்காரர் பெயரோ நிலைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி யானை, முத்து, கறுவா முதலியவற்றைப் போலவே சாயவேரையும் தன் தனியுரிமையாக்கிற்று. கம்பனிக்கன்றி வேறெவர்க்கும் வேரை விற்றல் குற்றமாயிற்று. வேர் தோண்டுதல் குறிப்பிட்ட சமூகத்தாரின் கட்டாயக் கடமையாக்கப்பட்டது. குடாநாட்டு மக்கள் தலைவரி, அதிகாரிவரி என்பவற்றோடு ஊழியம் என்னும் கட்டாய உழைப்பையும் செலுத்தவேண்டியிருந்த காலம் அது. வேர் தோண்டுவோர்க்கு வேரே அவ்வூழியம். அவர்கள் வெயிலில் வெறும் மணற்பரப்புகளிலும் காட்டோரங்களிலும் அலைந்து, விதித்த அளவு வேரைக் கம்பனி குறித்த விலைக்கே ஒப்படைத்தனர். வேர் மெல்லியது, மண்ணுள் ஆழச் செல்வது, பட்டை உரிந்தால் பயனற்றது. ஒரு பாரம் சேர்ப்பதற்கு எத்தனை நாள் குனிந்த முதுகு வேண்டும் என்பதை எண்ணிப்பார்ப்பவர்க்கே அச்சிவப்பின் விலை விளங்கும்.

ஒல்லாந்த நிருவாகிகள் தமக்குப்பின் வருவோர்க்கு நீண்ட குறிப்புகளை எழுதிவைக்கும் வழக்கமுடையவர்கள். யாழ்ப்பாணத்தில் ஆட்சித் தலைவராயிருந்து, பின்னாளில் பத்தாவியாவில் மகாதேசாதிபதியாக உயர்ந்த சுவார்டெகுரூன் 1697இல் எழுதிய குறிப்பு அத்தகையவற்றுள் ஒன்று. 1911இல் கொழும்பில் அது ஆங்கிலத்தில் வெளியாயிற்று. யாழ்ப்பாணச் சமூக, பொருளாதார வரலாற்றுக்கு இவ்வாவணங்கள் இன்றியமையாதன. ஆயினும் அவை எழுதப்பட்ட நோக்கத்தை மறத்தலாகாது. எவ்வளவு வேர் வந்தது, என்ன விலை போயிற்று, எவர் கடமை தவறினர் என்பனவே ஓர் அரசாங்க வணிகன் அறிய விரும்புவன. எவன் நல்ல வேரை அறிந்தவன், எவன் கைபட்ட கொப்பரையில் சிவப்பு சுடர்ந்தது, எவன் கோடு மற்றவன் கோட்டினும் நயமானது என்பனவற்றுக்குக் கணக்கேட்டில் இடமில்லை. வரலாற்றாசிரியன் கையிலுள்ள சான்று நிறைய. ஆனால் அச்சான்று எடையைச் சொல்வது, மனிதனைச் சொல்வதன்று.

இத்தனியுரிமை கலைக்கு இழைத்த தீங்கு யாது என்னும் வினா இங்கு எழுகிறது. கம்பனி வேரை வேண்டியது வணிகப் பொருளாக. விற்பனைத் துணியையும் 1670ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டுத் தன் கட்டுப்பாட்டிற் கொணர்ந்து, தென்னிந்தியக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தொன்றுதொட்டு நிலவிய தடையற்ற வாணிகத்தை அது ஒடுக்கிற்று. வேர் விளையும் நிலத்துச் சாயக்காரன் வேரைத் தன் விருப்பப்படி பெற இயலாதவனானான். மூலப்பொருள் தோணியேறிச் சென்று பிறதுறைகளில் கலையாயிற்று. கோயிலும் செல்வரும் நெசவும் சாயமும் ஓரிடத்திற் கூடியிருந்தாலன்றிச் சித்திரச் சீலை தழைக்காது. யாழ்ப்பாணத்தில் கோயில்கள் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டன. ஒல்லாந்தர் காலத்தில் வேர் பூட்டப்பட்டது. இரண்டும் சேர்ந்தே சீலைச் சித்திரம் இம்மண்ணில் பெருமரபாக வளர்வதைத் தடுத்தன என்று கருத இடமுண்டு. இயற்கை கொடுத்ததை ஆட்சி பிரித்தது என்பதே இதன் சுருக்கம்.

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களும் சாயவேரைக் குத்தகைப் பொருளாகவே கண்டனர். தீவின் சுங்கத் தலைமையதிகாரியாயிருந்த பேர்ட்டொலாச்சி 1817இல் வெளியிட்ட நூலில் சாயவேர் அரசாங்க வருவாய்க்குரிய பொருள்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையையொட்டிக் கட்டாய ஊழிய முறை ஒழிக்கப்பட்டது. வேர் தோண்டுவோன் விடுதலை பெற்றான். ஆனால் அவ்விடுதலை அவனுடைய வேருக்குச் சந்தை சுருங்கிய காலத்திலேயே வந்தது. இங்கிலாந்தின் ஆலைத்துணி மலிந்த விலையில் ஊர்ச் சந்தைகளை நிறைத்தது. 1868இல் கிரேபே, லீபெர்மான் என்னும் செருமானிய அறிஞர் இருவர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். 1897இல் செயற்கை அவுரி நீலமும் விற்பனைக்கு வந்தது. மண்ணிலிருந்து வரும் நிறம் ஆலையிலிருந்து வரத் தொடங்கியபின், கிண்டுவோர்க்கு மணலிலும் வேலையில்லை. காய்ச்சுவோர்க்குக் கொப்பரையிலும் வேலையில்லை. மூன்று தலைமுறைக்குள் சாயவேர் என்னும் பெயர்கூட இளைஞர் அறியாததாயிற்று.

அழியுந் தறுவாயிலுள்ள கைவினைகளை ஆவணப்படுத்தும் முயற்சி இந்நாட்டில் இல்லாமலில்லை. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக இலங்கையிற் சுற்றியபோது கிராமியக் கைவினைஞரைக் கண்டு, அவர்தம் கருவிகளையும் சொற்களையும் முறைகளையும் திரட்டி 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1909இல் 'இந்தியக் கைவினைஞன்' என்னும் நூலும் வந்தது. தன் பெயரைப் பொறியாத கைவினைஞன் தாழ்ந்தவனல்லன்; மரபின் குரலாய் நிற்பவன் என்பது அவர் கொள்கை. உயர்ந்த கொள்கையே அது. ஆயினும் தன் பெயரைத் தானே விலக்கி மரபில் அடங்கிய கலைஞன் வேறு. பெயர் கேட்பாரின்றிக் கணக்கேட்டில் எடையாய் மறைந்தவன் வேறு. கண்டிப் பகுதிக் கலைகளுக்கு அப்பெருநூல் வாய்த்தது. யாழ்ப்பாணத்துச் சாயக்காரரின் கருவியையும் சொல்லையும் அவ்வாறு திரட்டி வைக்க எவரும் உரிய காலத்தில் முன்வரவில்லை. 1930களின் இறுதியில் எஸ். ஆர். கனகசபை முதலியோர் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் புதிய ஓவிய இயக்கம் தோன்றியபோது, அது பாடசாலைச் சித்திரக் கல்வியின் வழியே வந்தது. தைலமும் நீர்வண்ணமும் அதன் கருவிகள். சீலையும் வேரும் அறிந்த பழைய கையோடு அதற்குத் தொடர்பு இருக்கவில்லை.

அக்கரையில் நிகழ்ந்ததை ஒப்புநோக்குதல் பயனுடையது. திருக்காளத்தியிலும் இக்கலை ஏறத்தாழ அற்றுப்போகும் நிலையில் இருந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் முதலியோர் ஊக்கத்தால் 1950களில் அங்குப் பயிற்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. எஞ்சியிருந்த முதியோர் சிலர் ஆசிரியராயினர். அம்மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டி கலம்பிடித்து எழுதியதோடு பலர்க்குப் பயிற்றவும் செய்தார். 2008இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருதளித்தது. கருப்பூர்ச் சீலைச் சித்திரம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு கையேனும் கலத்தை விடாது பிடித்திருந்ததால் அங்கு மீட்சி இயன்றது. கூர்தூவுக்குத் தகவல் சொன்னவர் பெயரற்று மறைந்தனர். அவர்தம் தொழில்வழி வந்த ஒருவர் பெயரோடு போற்றப்பட்டார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

யாழ்ப்பாணத்தில் இம்மரபின் சுவடு முற்றாக அழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. கோயிற் பெருவிழா கொடியேற்றத்தோடு தொடங்கும். கொடிச்சீலையில் தெய்வத்துக்குரிய உருவை எழுதி, அதனை விதிப்படி பூசித்தே கொடிமரத்தில் ஏற்றுவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குரிய கொடிச்சீலையைச் செங்குந்தர் மரபினர் வழங்குவதும், அது ஊர்வலமாக எடுத்துவரப்படுவதும் பல தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். நெய்தவன் கையும் எழுதியவன் கையும் இறைவன் முன்னிலையில் ஒன்றாகும் இடம் அதுவே. ஆண்டில் ஒரு காலைப்பொழுது, எண்ணற்றோர் தலைநிமிர்ந்து நோக்கும் உயரத்துக்கு ஒரு சித்திரச் சீலை எழுகிறது. அதனை எழுதியவர் பெயரை அவர்களுள் எவரும் கேட்பதில்லை.

கேட்கத் தொடங்குதலே வரலாற்று மாணவர் கடமை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது ஏடுகளும் பல அழிந்தன. எஞ்சிய சான்றுகளேனும் பயன்படுதல் வேண்டும். கொழும்பிலும் நெதர்லாந்திலுமுள்ள ஒல்லாந்தர் ஆவணங்களை வரிக்கணக்காக மட்டும் நோக்காது, உழைத்தோர் வாழ்வின் தடயமாகவும் படித்தல் வேண்டும். கோயில்களில் மடித்து வைக்கப்பட்டுள்ள பழைய கொடிச்சீலைகளும் திரைச்சீலைகளும் கிழிந்து குப்பையாவதற்குமுன் ஆராயப்படுதல் வேண்டும். முதியோர் நினைவிலுள்ள தொழிற்சொற்கள் தொகுக்கப்படுதல் வேண்டும். வேர் இன்னும் மணலில் இருக்கிறது. அதனைக் கிண்டி எடுத்தவனையும் அதனால் எழுதியவனையும் மறதியிலிருந்து மீட்டெடுப்பதே எஞ்சிய பணி.